எந்தச் சிவப்பு

யாரோ தண்ணீர் விழுங்குகிற சத்தம். ஒரு மிடறு, பிறகு ஒன்றுமில்லை, பிறகு அவசரமாக இரண்டு மூன்று மிடறு. ஜெசிந்தா மருந்துப் பாட்டிலை ஒரு கையிலும் அதன் மூடியை மறு கையிலும் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றாள். அனிட்டா இல்லை, அவள் கட்டிலில் வாய் பிளந்து தூங்குகிறாள், இரண்டு வயதுக் குழந்தை அப்படி விழுங்காது. அடுக்களைக் குழாயும் இல்லை, அது சொட்டும், விழுங்காது. இருட்டி அரைமணிகூட ஆகவில்லை, உப்பளத்து வேலை முடிந்து போகிறவர்களின் சைக்கிள் மணி இப்போதுதான் ஓய்ந்தது, இதற்குள் யார் வந்து முற்றத்தில் நின்று தண்ணீர் குடிக்கப் போகிறார்கள். திரும்பவும் கேட்டது. குளுக். குளுக் குளுக். பெரிய தொண்டை. மாடு என்று நினைத்தாள், இந்த உப்பு மண்ணில் மாடு எங்கிருந்து வரும் என்று உடனே அதை அழித்தாள், அழித்த இடத்தில் மாட்டைவிட மோசமான ஒன்று வந்து நின்றது, அதற்கு உருவமில்லை, தாகம் மட்டும் இருந்தது. வீடு கிளாட்வினுடைய சித்தப்பாவுடையது. அவர் மகனோடு போய்ச் சேர்ந்துகொண்டதும் சும்மா கிடக்கிற வீட்டில் இருங்கள் என்று சாவியைக் கொடுத்தார். ஊருக்கு வெளியே, பாத்திகள் முடிகிற இடத்தில், கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் ஓர் ஆள் கிடையாது. "நல்லா காத்தோட்டமா இருக்கும்ளா" என்றான் கிளாட்வின். பத்து மாதம் கப்பலில் இருக்கிறவனுக்கு வீட்டில் காற்று எந்தப் பக்கம் அடித்தால் என்ன. டார்ச்சை எடுத்தாள். வாசல் கதவை அகலத் திறந்து, அது மூடிக்கொள்ளாமலிருக்க அம்மிக்குழவியை அண்டக்கொடுத்தாள். குழந்தை முனகினால் கேட்க வேண்டும். வெளியே என்ன இருந்தாலும் அது உள்ளே போக இதுவே வழி என்பது இரண்டு படி இறங்கிய பிறகுதான் உறைத்தது.

கார்தான். கொட்டகையில், அவள் கால்மணி நேரத்துக்கு முன்னால் அணைத்துவிட்டு வந்த கார், பானட்டுக்குள் எதையோ விழுங்கிக்கொண்டிருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது, அது பாதியில் நின்றது, ஏனென்றால் அணைத்த கார் சத்தம் போடக் கூடாது. டாக்டரிடமிருந்து திரும்பும்போது ஓடைப் பாலத்தருகே எஞ்சின் சூட்டைக் காட்டுகிற முள்ளைப் பார்த்தாள். எப்போதும் நடுவில் நிற்கிற முள், சிவப்புக் கோட்டுக்கு ஒரு நூலிழை கீழே. அப்போதே நிறுத்தியிருக்க வேண்டுமா? பின்சீட்டில் குழந்தை நூறு டிகிரியோடு கிடக்கும்போது எப்படி நிறுத்துவது, இன்னும் மூன்று கிலோமீட்டர்தானே, முள் ஆடுகிறதே தவிர ஏறவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தாள். பானட்டைத் தூக்கியதும் முகத்தில் அனல் அடித்தது. ஓரத்தில் இருக்கிற அந்தப் பால்நிற பிளாஸ்டிக் டப்பாவுக்குள் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டிருந்தது, ஒவ்வொரு கொப்பளிப்புக்கும் ஒரு குளுக். ஆனால் நிறம் சரியாக இருந்தது. சிவப்பு. அதைப் பார்த்ததும் அவளுக்கு மூச்சு வந்தது. கப்பலேறுவதற்கு முந்தின நாள் இதே டப்பாவைத் தட்டிக் காட்டித்தான் கிளாட்வின் சொன்னான்: "இந்த வண்டிக்குச் செவப்புக் கூலண்ட். வாராவாரம் ஒரு பார்வை பாரு. டப்பாவுல செவப்பு தெரிஞ்சா எல்லாம் சரின்னு அர்த்தம். தெரியலன்னா எனக்குச் சொல்லு." அவள் வாராவாரம் பார்த்தாள். பூசைக்குக் கிளம்பும் முன் ஞாயிறுதோறும் பார்த்து, குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிய தாளில் ஒரு டிக் போட்டாள். எட்டு மாதம், முப்பத்துநாலு டிக், ஒன்றுகூடக் கோணலாக இல்லை. கான்வென்ட்டில் படித்த கை.

லூர்து அண்ணனுக்குப் போன் போட்டாள். துறைமுகச் சாலையில் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர், கிளாட்வினோடு பள்ளிக்கூடத்தில் கால்பந்து விளையாடியவர். பின்னால் நாதஸ்வரம் அலறியது. "கொழுந்தியா கல்யாணம் தங்கச்சி, திருநவேலில இருக்கேன், சத்தமா பேசுங்க." சத்தமாகச் சொன்னாள், முள், அனல், குளுக். "மூடியத் திறந்திராதீங்க! ரேடியேட்டர் மூடில கை வச்சீங்கன்னா மூஞ்சி வெந்துரும். பச்சத்தண்ணியும் ஊத்தப்படாது, சூட்டுல ஊத்துனா எஞ்சின் தல வெடிச்சிரும். ஆற விடுங்க. டப்பாவுல என்ன கிடக்கு?" "கூலண்ட்தான் அண்ணே. சிவப்பா நல்லாத்தான் இருக்கு." நாதஸ்வரம் ஒரு சுற்று போய் வந்தது. "செவப்புன்னா எந்தச் செவப்பு?" "சிவப்புண்ணே. சிவப்பு." "அதான் கேக்கேன். ரோஸ்மில்க் செவப்பா, செங்கல் செவப்பா?" அவள் டார்ச்சை டப்பாவின் மேல் பிடித்தாள். பிடித்தபடியே நின்றாள். ரோஸ்மில்க் என்று சொல்ல வாய் எடுத்தாள், உண்மையிலேயே எடுத்தாள், ஏனென்றால் முப்பத்துநாலு ஞாயிற்றுக்கிழமை அப்படித்தான் இருந்தது. "செங்கல்," என்றாள். "விரலால தொட்டுப் பாருங்க, டப்பா மூடிய மட்டும் துணி வச்சுத் தொறந்து." விளிம்பில் தெறித்திருந்ததைத் தொட்டு, கட்டைவிரலால் தேய்த்தாள். நறநறத்தது. "நறநறன்னு இருக்கு." "துரு தங்கச்சி அது. கூலண்ட்டே இல்ல. ஒங்க எஞ்சின் ஒடம்பு கரைஞ்சு வந்து நிக்கி. தண்ணி கொறஞ்சப்ப என்னத்த ஊத்துனீங்க?" குழாய்த் தண்ணி. "போர்த் தண்ணியா? அந்த உப்பளத்துப் போர்த் தண்ணியா?" அவர் யாரையோ தள்ளிப் போகச் சொல்லிவிட்டு, அடக்கிய குரலில், திட்ட வேண்டியதைத் திட்டாமல் விட்ட குரலில் சொன்னார்: "அதுல கருவாடு ஊறப் போடலாம் தங்கச்சி."

ஆமாம், ஊற்றினாள். சித்திரையில் மட்டம் ஒரு விரற்கடை இறங்கியிருந்தது, ஒரு செம்புத் தண்ணீர். அப்புறம் ஆனியில் ஒன்று. அப்புறம் எண்ணவில்லை. ஒவ்வொரு முறையும் ஊற்றிவிட்டு மறு ஞாயிறு பார்ப்பாள், வெளுத்திருக்கும் என்று பயந்துகொண்டே, வெளுக்காது, முன்னைவிட அடர்த்தியாகக்கூட இருக்கும். எவ்வளவு தண்ணீர் விட்டாலும் நிறம் மாறாத சர்பத் மாதிரி, பரவாயில்லையே, நல்ல சாயம் என்று நினைத்தாள். அதை நினைத்தாள், அதுதான் இப்போது குத்தியது, தப்புச் செய்ததுகூட அல்ல, செய்துவிட்டு மெச்சிக்கொண்டது. கப்பலில் கிளாட்வினுக்கு வேலையே துரு தட்டுவதுதான். சுத்தியலை வைத்து நாள் முழுக்கத் தளத்து இரும்பைக் கொத்திக் கொத்தி, துரு உதிர்ந்த இடத்தில் சாயம் அடித்து, முன்பக்கம் முடிக்கும்போது பின்பக்கம் ஆரம்பித்திருக்கும் என்று சொல்வான், காதுக்குள் எப்போதும் டக் டக் என்று கேட்கிறது என்பான். அங்கே அவன் தட்டுகிறான், இங்கே அவள் ஊற்றுகிறாள். அவனிடம் சொல்லவும் முடியாது, நேற்று முதல் ஆழ்கடலில், ஆறு நாளைக்கு சிக்னல் இல்லை. "இப்படியே ஓட்டினா போகுமா அண்ணே?" என்று கேட்டாள். "எங்க போகணும்?" "ஆஸ்பத்திரிக்கு. போகணும்னு இல்ல. போக வேண்டியிருந்தா." "எத்தன கிலோமீட்டர்?" "பதினாலு." "பத்து போகும்," என்றார் லூர்து, "போகாமலும் போகும்." கழுவினால்? ஆற விட்டு, வடித்து, தண்ணீர் மாற்றி மாற்றி ஓடவிட்டு, புதுக் கூலண்ட் நிரப்ப மூன்று மணி நேரம். மருந்து போட்டுக் கழுவுவதெல்லாம் காலையில் அவர் வந்து பார்த்துக்கொள்வார், இன்றைக்குத் தண்ணீரை மாற்றினாலே வண்டி சூடாகாமல் போய்ச் சேரும். "ஆனா ஒண்ணு, வடிச்சு விட்டீங்கன்னா வண்டி படுத்துக்கிடும். நெறைக்கிற வரைக்கும் ஒரு அடி நகராது. காலைல வரைக்கும் அப்படியே விட்டுருங்களேன்?"

விட்டுவிடலாம். குழந்தைக்கு நூறுதானே. டாக்டர் சாதாரணக் காய்ச்சல் என்றார், மருந்து கொடுத்தார், போன தடவை மாதிரி வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், மணி பாருங்கள், ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் உடனே கொண்டுவாருங்கள் என்றார். உடனே. அந்தச் சொல்லில் பதினாலு கிலோமீட்டர் இருந்தது. வாடகை வண்டிக்காரர்கள் பொழுது சாய்ந்தால் உப்பளச் சாலைக்கு வரமாட்டார்கள், ஆம்புலன்ஸ் குறுகலான ஓடைப் பாலத்தில் ஏற முடியாமல் சுற்றி வந்து சேர முக்கால் மணி நேரம், அதை அவளே ஒரு நாள் வெயிலில் ஓட்டிப் பார்த்து அளந்திருக்கிறாள். ஆக இருப்பது இது ஒன்று. கழுவாமல் விட்டால் ராத்திரி முழுக்கப் பாதி வண்டி. கழுவினால் மூன்று மணி நேரம் வண்டியே இல்லை, அதற்கப்புறம் முழு வண்டி. காய்ச்சல் எப்போது ஏறும், இப்போதா, விடியக்காலையிலா? போன தடவை விடியக்காலை. அது ஒரு தடவை, ஒரு தடவை நடந்ததை வைத்துக் கணக்குப் போட முடியாது. குழந்தையின் நெற்றியில் கை வைத்தாள், கழுத்தில் வைத்தாள், தன் கழுத்தில் வைத்துப் பார்த்தாள், அவளுடைய கைதான் சுட்டது. தெர்மாமீட்டர் நூறு புள்ளி நாலு. "கழுவுறேன் அண்ணே. சொல்லுங்க," என்றாள். "வெவரமாத்தான் முடிவெடுக்கீங்களா?" என்றார் லூர்து. தெரியாது என்று சொல்ல முடியாததால், "ஆமா" என்றாள். அவர் சொல்லச் சொல்ல, முப்பத்துநாலு டிக் போட்ட தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டாள்.

ஆறக் காத்திருக்க வேண்டும். வாசற்படியில் உட்கார்ந்தாள், ஒரு காது உள்ளே, ஒரு காது கொட்டகையில். அருள் நிறைந்த மரியே மந்திரம் ஒன்று சொன்னால் இருபது விநாடி, பதினைந்து சொன்னால் ஐந்து நிமிடம். அது சிஸ்டர் கொன்சாகா கொடுத்த கணக்கு, ஆய்வுக்கூடத்துக் கடிகாரம் நின்றுபோன வருஷம். ஒன்பதாம் வகுப்பில் மூன்று சோதனைக் குழாய், மூன்று ஆணி. முதலாவதில் குழாய்த் தண்ணீர், மூன்றாவதில் தண்ணீரே இல்லாமல் ஈரத்தை உறிஞ்சுகிற உப்பு, நடுவில் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர், மேலே எண்ணெய். கொதிக்க வைக்கிற வேலை ஜெசிந்தாவுக்கு. முப்பது மந்திரம் கொதிக்கவிடு என்றார் சிஸ்டர். முதல் குமிழி வந்ததும் அவள் இறக்கிவிட்டாள், கொதித்துவிட்டதே, கண்ணால் பார்த்தாளே. ஒரு வாரம் கழித்து முதல் ஆணியும் துருப்பிடித்திருந்தது, நடு ஆணியும் துருப்பிடித்திருந்தது, வகுப்பே சிரித்தது. சிஸ்டர் சிரிக்கவுமில்லை திட்டவுமில்லை, குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துச் சொன்னார்: "தண்ணிக்குள்ள காத்து ஒளிஞ்சிருக்கும் ஜெசிந்தா. நீ பாத்தது கொதிக்கிற மாதிரி இருந்தது. மாதிரி போதாது." மாதிரி போதாது. பதினைந்து வருஷமாக அது உள்ளே எங்கேயோ கிடந்திருக்கிறது, உபயோகமில்லாமல், டிக் போடுகிற கைக்கு எட்டாமல். தண்ணீர், காற்று, உப்பு. மட்டம் இறங்கிய இடத்தில் காற்று நுழைந்திருக்கும், அவள் செம்பு செம்பாக உப்பு ஊற்றியிருக்கிறாள், இரும்புக்கு இதைவிட வேறென்ன வேண்டும். எத்தனையாவது மந்திரம்? விட்டுவிட்டாள். முதலிலிருந்து.

இருபத்தைந்து நிமிடம், முப்பது, நாற்பது. பானட்டுக்குள் சத்தம் அடங்கியிருந்தது. துணியை மடித்து மூடியின்மேல் வைத்துக் கால் திருகு திருகினாள், பெருமூச்சு மாதிரி ஒரு சின்னக் காற்று, அவ்வளவுதான். டார்ச்சை உள்ளே காட்டினால் செம்மண் குட்டை. ஒரு ரப்பர் குழாயின் வாயில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது, அதைச் சுற்றியிருந்த தகட்டுப் பட்டி விரலால் தொட்டாலே ஆடியது, மட்டம் இறங்கியது அங்கிருந்துதான், இத்தனை மாதமும் சொட்டுச் சொட்டாக. டப்பாவைப் பார்த்த கண் அரையடி தள்ளி இதைப் பார்க்கவில்லை. திருப்புளியால் இறுக்கினாள். பழைய பக்கெட்டை உள்ளே தள்ளி, தரையில் மல்லாந்து படுத்து, ரேடியேட்டரின் அடியில் இருந்த பிளாஸ்டிக் திருகைத் தேடினாள். நைட்டி முதுகில் உப்புமண் குத்தியது. திருகைப் பிடித்துக்கொண்டு அப்படியே கிடந்தாள். இதைத் திருப்பினால் வண்டி கிடையாது. இன்னும் திருப்பவில்லை, இன்னும் வண்டி இருக்கிறது, பத்துக் கிலோமீட்டர் வண்டி, போகாமலும் போகிற வண்டி. திருப்பினாள். முதலில் வரவில்லை, பிறகு சளி மாதிரி ஒரு கட்டி, பிறகு கொட்டியது. முழங்கை வழியாக அக்குள்வரை இளஞ்சூட்டோடு ஓடியது. இரும்பு வாசனை. ரத்தத்துக்கும் இதே வாசனைதான், பிரசவ அறையில், பிறகு குழந்தையின் கையில்.

குழந்தையின் கையில். அதற்குள் போகக் கூடாது என்று நினைத்தாள், ஆனால் பக்கெட் நிறைகிறவரை படுத்துத்தானே கிடக்க வேண்டும். போன தடவை, ஆடி மாதத்து விடியக்காலை, குழந்தையின் கண் மேலே போய், உடம்பு கட்டையாகி, கைகள் வெட்டி வெட்டி இழுத்தபோது, ஜெசிந்தாவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. முதலுதவி வகுப்பில் பரிசு வாங்கியவள். எதையும் கொடுக்கக் கூடாது, பிடிக்கக் கூடாது, ஒருக்களிக்க வேண்டும். தெரிந்திருந்தும், வலிப்பு வந்தால் கையில் இரும்பைக் கொடு என்று எந்தப் பேருந்து நிலையத்திலோ யாரோ கத்தியது அவளுடைய காதுக்குள் கத்த, அவளுடைய கை தானாகவே போய் மேசைமேலிருந்ததை எடுத்துக் குழந்தையின் உள்ளங்கையில் வைத்து அழுத்தியது. கார் சாவி. ஐந்து விரலும் அதன்மேல் பூட்டிக்கொண்டன. பிறகு அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு காருக்கு ஓடினாள், சாவி குழந்தையின் முஷ்டிக்குள் இருந்தது. பிரிக்கப் பார்த்தாள், விரல் ஒடிந்துவிடும் போலிருந்தது, காருக்கு வெளியே நின்று பதினோரு மந்திரம் சொன்னாள், பன்னிரண்டாவதில் கை தளர்ந்தது. சாவியின் பற்கள் குத்தி உள்ளங்கையில் ரத்தம். இழுப்பும் நின்றிருந்தது. ஆஸ்பத்திரியில் கையில் என்ன காயம் என்று கேட்டதற்கு விளையாடும்போது என்றாள். கிளாட்வினுக்கும் அதையே சொன்னாள். நின்றதால் சொல்ல முடிந்தது. நிற்காமல் போயிருந்தால்? வடிதல் நூலாக மெலிந்து, சொட்டாகி, நின்றது. திருகை மூடினாள். பக்கெட்டில் தன் முகம் தெரியாத அளவுக்குச் சிவப்பு. அப்போது உள்ளே குழந்தை கத்தினாள்.

ஓடியதில் படியில் கால்விரல் இடித்தது, வலி பிற்பாடுதான் வந்தது. குழந்தை எழுந்து உட்கார்ந்திருந்தாள், கண் திறந்திருந்தது, எதையும் பார்க்கவில்லை. நூற்றிரண்டு புள்ளி எட்டு. ஏறிவிட்டது. வெளியே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாத கார் நிற்கும்போது, அதற்காகவே காத்திருந்த மாதிரி. மருந்து கொடுத்து இரண்டு மணி நேரம்தான் ஆகிறது, அடுத்ததற்கு இன்னும் நேரம் இருக்கிறது. துணி, கிண்ணம், வெதுவெதுப்பான தண்ணீர், குளிர்ந்தது கூடாது என்று டாக்டர் சொன்னார், சூட்டில் பச்சத்தண்ணீர் ஊற்றினால் தலை வெடித்துவிடும் என்று லூர்து சொன்னார், இரண்டும் அவளுக்குள் ஒன்றாகப் பேசின, இரண்டையும் வாயை மூடச் சொன்னாள். நெற்றி, அக்குள், தொடையிடுக்கு. துணியைப் பிழியும்போது விரலிடுக்கிலிருந்து துருத் தண்ணீர் கிண்ணத்தில் இறங்கியது, ஐயோ, கையைக் கழுவவில்லை, கிண்ணத்தைக் கொட்டிவிட்டுக் கழுவி வந்து மறுபடியும் முதலிலிருந்து. அப்போது குழந்தையின் இடது கை வெட்டியது. ஒரு வெட்டு. ஜெசிந்தாவுக்கு அறை முழுக்க நின்றது. பார். தொடாதே, பார். மணி எட்டு நாற்பத்திரண்டு. இன்னொரு வெட்டு, இம்முறை தோளோடு. சிவப்பு தெரிந்தால் சரி என்று பார்க்கிற பார்வை இல்லை, இது அது மாதிரி இருக்கிறது என்று பார்க்கிற பார்வையும் இல்லை, உதடு என்ன நிறம், எந்த நிறம், ரோஜாவா நீலமா, விளக்கைக் கிட்டே கொண்டுவா. ரோஜா. உண்மையாகவா? உண்மையாக, உள் உதடும். கண் மேலே போகிறதா? விளக்கை நகர்த்தினாள். கண் விளக்கோடு கூட வந்தது. மறுபடி நகர்த்தினாள், மறுபடி வந்தது. முஷ்டி? தன் சுண்டுவிரலை உள்ளே விட்டாள், விரல்கள் சும்மா மூடின, சும்மா திறந்தன. குளிர் நடுக்கம். காய்ச்சல் ஏறும்போது வருகிற நடுக்கம், வேறொன்றுமில்லை. "ம்மா," என்றாள் அனிட்டா, எரிச்சலோடு, முகத்தில் விளக்கைக் காட்டியதற்காக. "ம்மா, தண்ணி." ஒரு பாட்டில் தனியாக எடுத்து வைத்திருந்தாள், மற்றக் குடிதண்ணீர் முழுவதும் இருபது லிட்டர் கேனோடு கொட்டகையில் காருக்காக நின்றது. குழந்தை குடித்தாள். விழுங்குகிற ஒவ்வொரு சத்தத்தையும் ஜெசிந்தா கேட்டாள்.

தூங்கியதும் திரும்ப இறங்கினாள். இம்முறை ஓடவில்லை, ஆனால் புனல் விளிம்பில் கேன் தட்டித் தட்டிச் சத்தம் போட்டது. நிரப்பி, தாளில் எழுதியிருந்தபடி ஹீட்டரை முழுச்சூட்டுக்குத் திருப்பி, எஞ்சினை ஓடவிட்டாள். "தூத்துக்குடில எவன் ஹீட்டர் போட்டிருக்கான், அதுக்குள்ள கெடக்க தண்ணிதான் நாறிப்போயிருக்கும், அதயும் தொறந்து விடுங்க" என்று சொல்லியிருந்தார் லூர்து. அனல்காற்றில் உட்கார்ந்து வேர்த்தாள், கதவுத் திறப்பில் தெரிகிற கட்டில் காலையே பார்த்துக்கொண்டு. அணைத்து, ஆறவிட்டு, போய்த் துணி மாற்றி, நூற்றிரண்டு, வந்து வடித்தால் இன்னும் செங்கல்தான், கொஞ்சம் நைந்த செங்கல். மறுபடி நிரப்பி, ஓடவிட்டு, அணைத்து, இடையில் மருந்து நேரம் வந்தது, அளந்து கொடுத்தாள், நூற்றொன்று புள்ளி ஆறு, வந்து வடித்தால் டீ. கலங்கல் டீ. போதுமே என்று ஏதோ ஒன்று உள்ளே சொன்னது, தெளிந்த மாதிரிதான் இருக்கிறது, நிரப்பிவிட்டு உள்ளே போ. அந்தக் குரலை அவளுக்கு நன்றாகத் தெரியும், முப்பத்துநாலு தடவை கேட்ட குரல். கேனில் மிச்சமிருந்த கடைசித் தண்ணீரை ஊற்றினாள். லூர்து கூப்பிட்டார், நாதஸ்வரம் இல்லை, பந்தி இலை இழுபடுகிற சத்தம். "உயிரோட இருக்கியளா?" "மூணாவது கழுவல் அண்ணே." "அடேங்கப்பா, நான் கடைல ரெண்டோட விட்டுருவேன். புள்ள எப்படி?" நூற்றொன்று என்றாள். "வடிச்ச தண்ணிய முத்தத்துல கொட்டிராதீங்க, நாயி நக்கிட்டுச் செத்துரும். மூடி வைங்க, நான் எடுத்துக்கிடுதேன்." பிறகு, கொஞ்சம் தயங்கி, "கிளாட்வின்ட்ட நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றார். "நானே சொல்லுவேன்," என்றாள் ஜெசிந்தா. சொன்ன பிறகுதான் அது கூலண்ட்டைப் பற்றி மட்டுமல்ல என்று தெரிந்தது.

மூன்றாவது கழுவலில் வடிந்ததில் கொஞ்சத்தை வெள்ளைப் பீங்கான் தட்டில் பிடித்தாள். டார்ச்சை நேராகவும் காட்டினாள், சாய்த்தும் காட்டினாள். விரலை விட்டுத் தேய்த்தாள். தட்டின் அடியில் பூவரைந்த கோடு, அதன் ஒவ்வொரு இதழும் தெரிந்தது. நறநறப்பு இல்லை. உள்ளே இன்னும் துரு ஒட்டிக்கொண்டுதான் இருக்கும், காலையில் மருந்து போட்டால் இன்னும் வரும், அதுவும் தெரியும். ஆனால் இந்தத் தட்டில் இருப்பது தண்ணீர். அப்படித் தெரிகிற மாதிரி அல்ல. கிளாட்வின் வாங்கி வைத்து, எல்லாம் சரியாக இருந்ததால் எட்டு மாதமாகத் திறக்கப்படாத கேனை அலமாரி மேலிருந்து இறக்கினாள். தண்ணீர் கலக்காமல் அப்படியே ஊற்று என்று படம் போட்டிருந்தது. மெதுவாக, காற்று வெளியேற வெளியேற, ரப்பர் குழாயை அமுக்கி அமுக்கி ஊற்றினாள், குமிழிகள் வந்து உடைந்தன, இனி வராது என்று தோன்றிய பிறகும் பதினைந்து மந்திரம் காத்திருந்தாள், பதினொன்றாவதில் இன்னும் ஒன்று வந்தது. மூடியை இறுக்கி எஞ்சினை ஓடவிட்டாள். முள் ஏறியது. நடுவுக்கு வந்தது. நடுவைத் தாண்ட ஒரு மயிரிழை நகர்ந்தது, அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தாள். முன்னால் விசிறி சட்டென்று சுழலத் தொடங்கியது, கொட்டகைத் தூசி முழுவதும் எழுந்தது, முள் திரும்பி வந்து நடுவில் நின்றது. அவளும் நின்றாள். ஐந்து நிமிடம், பத்து நிமிடம். விசிறி ஓடியது, ஓய்ந்தது, ஓடியது. வண்டியை வெளியே எடுத்து, மூக்கு சாலையைப் பார்க்கத் திருப்பி நிறுத்தினாள். வேண்டுமானால் இப்போது போகலாம். பதினாலும் போகலாம்.

பக்கெட்டைப் பலகை போட்டு மூடி, அதன்மேல் கல் வைத்து, கைகால் கழுவிக்கொண்டு உள்ளே வந்தால் கட்டில் காலியாக இருந்தது. ஒரே ஒரு கணம். பிறகு கால்மேல் ஏதோ ஈரமாக மோதியது. அனிட்டா. சட்டை முழுக்க வேர்வை, முடி நெற்றியில் ஒட்டிக்கிடந்தது, தொட்டால் வாழைத்தண்டு மாதிரி குளுமை. தெர்மாமீட்டரை வைக்க விடவில்லை, பிடித்து வைத்தாள், தொண்ணூற்றெட்டு புள்ளி ஒன்பது, நம்பாமல் மறு அக்குளில் வைத்தாள், அதேதான். ஜெசிந்தா தரையில் உட்கார்ந்துவிட்டாள். குழந்தைக்கு அது பிடிக்கவில்லை. வெளியே முற்றத்து விளக்கில், சாலையைப் பார்த்தபடி கார் நிற்பதை அவள் கண்டுவிட்டாள். "ம்மா, வண்டி! டாட்டா!" வாசலைப் பார்த்து இழுத்தாள், நைட்டியைப் பிடித்து, இரண்டு கையாலும், முழு பலத்தோடு. "டாட்டா போலாம்!" "இப்பவா? மணி பன்னெண்டுளா." "டாட்டா!" கால் உதறி, மல்லாந்து விழுந்து, அழுகை ஆரம்பித்தது, காய்ச்சலுக்கு அழுகிற ஈனக்குரல் இல்லை, கடையில் பலூன் வாங்கிக் கொடுக்காவிட்டால் அழுகிற அசல் அழுகை, தெருவே திரும்பிப் பார்க்கிற அழுகை. ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வந்தது, இம்முறை பாதியில் நிற்கவில்லை, கண்ணிலிருந்து கொட்டக் கொட்டச் சிரித்தாள். "போக வேணாம் ராசாத்தி," என்றாள், "இன்னைக்கு நாம எங்கயும் போக வேணாம்." கத்துகிற பிள்ளையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, அம்மிக்குழவியைக் காலால் உருட்டித் தள்ளி, கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள்.